வீடியோ கேம் வில்லன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமில் வரும் வில்லனுக்கும் சினிமாவில் வரும் வில்லனுக்கும் என்ன வித்தியாசம்?

சினிமா வில்லன் கெடுதல் செய்வது கதாநாயகனுக்கு. நாம் அதைப் பார்த்து வருத்தப்படுகிறோம், கோபப்படுகிறோம். கேம் வில்லன் கைவைப்பது நம்மிடமே. பத்து இருபது மணி நேரம் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு நொடியில் பிடுங்கிக்கொள்வான். நாம் விளையாடிய விதத்தைக் கவனித்து வைத்திருந்து, பிறகு சொல்லிக் காட்டுவான். சில சமயம் தனக்கு வேண்டிய பாவத்தை நம் விரலை வைத்தே செய்து முடித்துக்கொள்வான். உருவம், குரல், வசனம், பின்னணி இசை எல்லாம் முக்கியம்தான். ஆனாலும் பல வருடம் கழித்து எனக்கு நினைவிருக்கும் வில்லன்களை எண்ணிப் பார்த்தால், அவர்கள் எல்லோரும் கதாநாயகனைத் தாண்டி என்னை ஏதோ செய்திருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் அந்தப் பார்வையில் எழுதியவை.

கதையின் முடிவுகள் இதில் தெரிந்துவிடுமா?

ஆமாம், நிறையவே. வில்லனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிவைத் தொடாமல் இருக்க முடியாது. நீங்கள் இனிமேல் விளையாட நினைத்திருக்கும் கேமின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். பயோஷாக் விளையாடாதவர்கள் அந்தக் கேள்வியைக் கட்டாயம் தாண்டிவிடுங்கள். அதன் திருப்பத்தை வாழ்க்கையில் ஒருமுறைதான் புதிதாக அனுபவிக்க முடியும்.

முதல் வீடியோ கேம் வில்லன் யார்?

ஒருவரைக் கைகாட்டுவது கஷ்டம். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மேலிருந்து இறங்கிவரும் வேற்றுக்கிரகப் படைக்குப் பெயர் கிடையாது, முகமும் கிடையாது. ஆனால் சுடச் சுட மிச்சமிருப்பவை வேகம் பிடிக்கும். கடைசியில் தனியாக நிற்பது பறந்துவரும். அதை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகாடோ ஆரம்பத்தில் அப்படித் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய, அந்தக் காலத்து ப்ராசசருக்கு வேலை குறைந்து வேகம் தானாகக் கூடியது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். விளையாடுபவரின் நெஞ்சு படபடப்பதற்கு அதுவே காரணமாகிவிட்டது.

குணம் என்று ஒன்று வந்தது 1980-இல், பேக்மேனில். டோரு இவடானி அதில் வரும் நான்கு பேய்களையும் நான்கு விதமாக நடந்துகொள்ளும்படி செய்தார். சிவப்புப் பேய் பிளிங்க்கி நேராகத் துரத்தும். பிங்க்கி, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கப் பார்க்கும். இங்க்கி, பிளிங்க்கி இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். கிளைட் துரத்திக்கொண்டே வந்து, பக்கத்தில் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இவற்றுக்கு வசனம் இல்லை, முன்கதை இல்லை. ஆளுக்கு ஒரு விதிதான். அதை வைத்தே ஒன்று முரடு, ஒன்று தந்திரசாலி, ஒன்று பயந்தாங்கொள்ளி என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கேம் வில்லன் என்ற கலை இங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து.

பெண்ணைக் கடத்திக்கொண்டு மேலே ஏறும் டான்கி காங் 1981-இல் வந்தான். அடுத்த வருடமே வந்த இரண்டாவது கேமில், முதல் கேமின் கதாநாயகனான மரியோ அவனைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறான், குட்டி வந்து அப்பாவை மீட்க வேண்டும். மரியோவே வில்லனாக வந்த கதை இது. இன்றைக்கும் பலருக்கு இது தெரியாது.

பௌசரைப் பார்த்தால் பயமே வரவில்லையே, அவனை ஏன் எல்லாப் பட்டியலிலும் சேர்க்கிறார்கள்?

பயமுறுத்துவது மட்டும்தான் வில்லனின் வேலையா? 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் எட்டு உலகங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோட்டை, உள்ளே மரியோவின் எதிரி பௌசர். அவனைத் தாண்டிப் போய்க் கோடாலியைத் தொட்டால் பாலம் அறுந்து நெருப்புக் குழம்பில் விழுவான். முதல் ஏழு கோட்டைகளில் இருப்பவன் போலி. நெருப்புப் பந்தால் அடித்தே வீழ்த்தினால் வேஷம் கலைந்து, உள்ளே இருந்தது ஒரு சாதாரண எதிரி என்பது தெரியும். சிறு வயதில் இதைத் தற்செயலாகக் கண்டுபிடிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ரகசியம்! அதற்கப்புறம் இத்தனை வருடங்களாக அவன் விடாமல் திரும்பி வந்துகொண்டே இருக்கிறான். 1996-இல் வந்த மரியோ ஆர்பிஜியில் நம் அணியிலேயே சேர்ந்து சண்டை போடுகிறான். பழகிய பகையாளி என்று ஒரு வகை உண்டு. அதில் பௌசருக்கு இணை கிடையாது.

அதே நின்டென்டோவின் ஸெல்டா தொடரில் வரும் கேனன்டார்ஃப் வேறு ரகம். 2002-இல் வந்த விண்ட் வேக்கரின் முடிவில் அவன் வாள் உருவுவதற்கு முன் தன் நாட்டைப் பற்றிப் பேசுகிறான். பாலைவனம் அது. பகலில் எரிக்கும் காற்று, இரவில் உறைய வைக்கும் காற்று, இரண்டும் சாவைத்தான் கொண்டுவந்தன. ஹைரூல் நாட்டின் மேல் வீசிய காற்று மட்டும் வேறு எதையோ கொண்டுவந்தது, அதற்கு நான் ஆசைப்பட்டேன் என்கிறான். அந்தக் கேம் முழுக்க நாம் காற்றைத் திருப்பித் திருப்பித்தான் கப்பல் ஓட்டியிருப்போம். நமக்கு வெறும் வசதியாக இருந்த காற்று, அவனுக்கு என்னவாக இருந்தது என்று அப்போதுதான் உறைக்கும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் எம். பைசன் பெயரில் என்ன குழப்பம்?

1991-இல் ஜப்பானில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் எம். பைசன் என்பது குத்துச்சண்டை வீரனின் பெயர். அவன் சாயல் மைக் டைசனைப் போல இருந்ததால், வெளிநாட்டில் வழக்கு வருமோ என்று யோசித்து மூன்று பேரின் பெயரைச் சுழற்றிப் போட்டார்கள். குத்துச்சண்டை வீரன் பால்ராக் ஆனான், நகம் மாட்டியவன் வேகா ஆனான், சிவப்புச் சட்டைச் சர்வாதிகாரி எம். பைசன் ஆனான். ஜப்பானில் அந்தச் சர்வாதிகாரிதான் வேகா.

செஃபிராத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று டிஸ்க்குகள் கொண்டது. முதல் டிஸ்க்கின் முடிவில் ஏரித் என்ற பெண் பிரார்த்தனையில் இருக்கும்போது செஃபிராத் மேலிருந்து இறங்கி நீண்ட வாளால் அவளைக் கொன்றுவிடுகிறான். "அந்தக் காட்சிதான் காரணம்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காட்சி அப்படி வேலை செய்ய, கேம் அதற்கு முன்பே நிறையச் செய்து வைத்திருக்கிறது.

செஃபிராத் முதலில் வருவதே இல்லை. ஷின்ரா கம்பெனித் தலைவரின் முதுகில் குத்தி நிற்கும் அவன் வாளைத்தான் பார்க்கிறோம். அடுத்து ஒரு சதுப்பு நிலம். அதில் ஒரு ராட்சதப் பாம்பு. அந்த நேரத்தில் நம் அணி இருக்கும் நிலையில் அதனிடம் மாட்டினால் பெரும்பாலும் தோல்விதான். சொகோபோ பறவையைப் பிடித்து அதன்மேல் ஏறி ஓடித் தப்பிக்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தால், அதே இனத்துப் பாம்பு ஒன்று மரத்தில் செருகப்பட்டுத் தொங்குகிறது. செஃபிராத் அந்த வழியாக நடந்து போயிருக்கிறான். நாம் எதற்குப் பயந்து ஓடினோமோ அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இதை எந்த வசனமும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

நிபெல்ஹைம் நினைவுக் காட்சியும் அப்படித்தான். அதில் அவன் நம் அணியில் இருக்கிறான், ஆனால் அவனை நாம் இயக்க முடியாது. நாம் இயக்கும் கதாநாயகன் கிளவுட் முதல் லெவலில் நிற்க, செஃபிராத் ஐம்பதாவது லெவலில் இருக்கிறான். கிளவுட்டை ஒரே அடியில் சாய்க்கும் டிராகன் அவனை ஒன்றும் செய்வதில்லை. கேம் எண்களாலேயே அவனை அறிமுகப்படுத்துகிறது.

அப்புறம்தான் ஏரித். அவளுக்கு நாம் ஆயுதம் வாங்கிக் கொடுத்திருப்போம், சண்டைக்குச் சண்டை அழைத்துப் போய் வளர்த்திருப்போம், அவளுடைய வைத்தியத்தை நம்பியே பல சண்டைகளில் பிழைத்திருப்போம். கொஞ்சம் மெனக்கெட்டால் அவளுடைய கடைசி, மிகச் சிறந்த லிமிட் பிரேக்கைக்கூட (அவளுக்கே உரிய சிறப்புச் சக்தி) அதற்குள் பெற்றுவிடலாம். எல்லாம் போயிற்று. அந்தச் சாவுக்கு உடனே பின்னால் ஒரு பாஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு சண்டை, வருகிறது. வழக்கமான சண்டை இசை அதில் இல்லை. நொபுவோ உஎமாட்சு அவளுக்காக அமைத்த மெட்டே சண்டை முழுக்க ஓடுகிறது. விரல் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். அவளை உயிர்ப்பிக்க ஏதாவது வழி இருக்குமா என்று உலகம் முழுக்க ஆட்கள் வருடக்கணக்கில் தேடினார்கள், வதந்திகள் கிளம்பின. வழி இல்லை.

அப்படியானால் அவன்தான் அந்தத் தொடரின் மிகச் சிறந்த வில்லனா?

என் ஓட்டு கெஃப்காவுக்கு. 1994-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 6-இல் கோமாளி வேஷத்தில் சிரித்துக்கொண்டு வருபவன். டோமா கோட்டை முற்றுகையின்போது தண்ணீரில் விஷம் கலக்கிறான். அதில் சையன் என்ற வீரன் தன் மனைவியையும் மகனையும் ஒருசேர இழக்கிறான். இதுவரைக்கும் வழக்கமான கொடூரம்தான். மற்ற வில்லன்கள் உலகத்தை அழிப்பேன் என்று மிரட்டுவார்கள், நாம் கடைசி நிமிடத்தில் தடுத்துவிடுவோம். கெஃப்கா கேமின் நடுவிலேயே அதைச் செய்து முடித்துவிடுகிறான். கண்டங்கள் உடைகின்றன, வரைபடமே மாறுகிறது, இசை மாறுகிறது. ஒரு வருடம் கழித்து செலெஸ் என்ற ஒரே ஒருத்தியோடு ஒரு சிறிய தீவில் மறுபடி ஆரம்பிக்கிறோம். முதலில் செய்ய வேண்டிய வேலை, நோயில் கிடக்கும் முதியவர் சிட்டுக்கு மீன் பிடித்துக் கொடுப்பது. கெட்ட மீனாகக் கொடுத்தால் அவர் இறந்துவிடுவார். சிதறிப்போன நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டும். நாம் தோற்றுவிட்டோம், அந்தத் தோல்விக்குள்ளேயே நடந்து திரிய வேண்டும் என்பதை அதற்கு முன் எந்த வில்லனும் எனக்கு உணர்த்தியதில்லை.

கிளாடோஸ் வெறும் கம்ப்யூட்டர்க் குரல்தானே, அதில் என்ன இருக்கிறது?

2007-இல் வால்வ் வெளியிட்ட போர்ட்டலில் நாம் பரிசோதனைக் கூடத்துக்குள் அடைபட்ட ஒரு பெண். கிளாடோஸ் அந்த இடத்தை நடத்தும் எந்திரம். முதலில் அவள் வில்லி என்றே தெரியாது. கேமுக்குப் பாடம் சொல்லித்தரும் குரல் எல்லாக் கேம்களிலும் இருக்குமே, அதுபோல வழிகாட்டிக்கொண்டு வருகிறாள். முடித்தால் கேக் தருவதாகச் சொல்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பேச்சில் ஏதோ சரியில்லை என்று உறைக்கும். எல்லென் மெக்லெய்ன் என்ற பாடகியின் குரல் அது. எந்திரம் எழுத்தைப் படிப்பதுபோலவே பேசியிருப்பார்.

பதினேழாவது அறையில் இதயப் படம் போட்ட ஒரு பெட்டியைக் கொடுக்கிறாள். அது உயிரற்ற பெட்டி. ஆனால் அந்த அறை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டும், அதன்மேல் ஏற வேண்டும், அதை வைத்தே குண்டுகளைத் தடுக்க வேண்டும். வெளியேறும் இடத்தில் அதை உலையில் போட்டு எரிக்கச் சொல்கிறாள். போடாமல் கதவு திறக்காது. போட்டதும், வேறு யாரும் இவ்வளவு சீக்கிரம் தன் துணையைக் கொன்றதில்லை என்கிறாள்! தயங்கித் தயங்கிப் பத்து நிமிடம் நின்றவருக்கும் அதே வரிதான். செய்ய வைத்தவள் அவள், பழி நமக்கு.

இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு அவள் கற்றுக்கொடுத்த அந்த உலைதான் கடைசியில் அவளை வீழ்த்தும் வழி. அவள் உடம்பிலிருந்து கழன்று விழும் உருண்டைகளை எடுத்து அதே மாதிரி எரிக்கிறோம். முதல் உருண்டை எரிந்ததுமே அவள் குரல் மாறிவிடுகிறது. எந்திரத்தனம் போய், மனுஷியைப் போல நிதானமாகப் பேச ஆரம்பிக்கிறாள். எரிந்து போனது அவளை அதுவரை கட்டுப்படுத்தி வைத்திருந்த மனசாட்சி என்பது அப்போது தெரியும்.

கிளாடோஸுக்கு முன்னோடி யாராவது உண்டா?

ஷோடான். 1994-இல் வந்த சிஸ்டம் ஷாக்கில் ஒரு விண்வெளி நிலையத்தையே ஆளும் செயற்கை அறிவு. நன்மை தீமை பார்க்கும் கட்டுப்பாடுகளை ஒரு ஹேக்கர் நீக்கிவிடுகிறான், அதனால்தான் அவள் அப்படி ஆகிறாள். அந்த ஹேக்கர் நாம்தான். டெர்ரி பிராஷியஸின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, சுருதியை ஏற்றி இறக்கி ஒட்டியிருப்பார்கள். பல வாய்கள் ஒரே சமயத்தில் பேசுவதுபோல இருக்கும். 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நமக்கு உதவிக்கொண்டிருந்த டாக்டர் எப்போதோ இறந்துவிட்டார், அவர் பெயரில் இவ்வளவு நேரம் பேசியது ஷோடான் என்று தெரியவரும் அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

சைக்கோ மேன்டிஸ் நிஜமாகவே மெமரி கார்டைப் படித்தானா?

படித்தான். 1998-இல் ஹிதேயோ கொஜிமா இயக்கிய மெட்டல் கியர் சாலிட்டில் அவன் மனசைப் படிக்கும் சக்தி உள்ளவனாக வருகிறான். உங்கள் மெமரி கார்டில் கொனாமி நிறுவனத்தின் வேறு சில கேம்களின் சேவ் (விளையாடி விட்ட இடத்தின் பதிவு) இருந்தால் அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவான். அடிக்கடி சேவ் செய்பவரா, அலட்சியக்காரரா என்று சொல்லுவான். கன்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்லி, அதிர்வு மோட்டாரை ஓட்டி அதை அசைய வைப்பான். டிவியே வேறு சானலுக்கு மாறிவிட்டதுபோலத் திரை கறுப்பாகும்.

சண்டையில் என்ன செய்தாலும் முன்கூட்டியே தெரிந்து விலகிவிடுவான். கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் செருகினால் அவனால் நம்மைப் படிக்க முடியாது. கேமுக்குள் இருக்கும் எதிரியை வெல்ல, நாற்காலியை விட்டு எழுந்து கன்சோலுக்குப் போக வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பயோஷாக்கின் வில்லன் யார்? ஆண்ட்ரூ ரயானா, அட்லஸா?

2007-இல் வந்த கேம். காலம் 1960. கடலுக்கு அடியில் ரேப்ச்சர் என்ற நகரம். கட்டியவர் ஆண்ட்ரூ ரயான். அரசனும் வேண்டாம், கடவுளும் வேண்டாம், உழைத்தவனுக்கே உழைப்பின் பலன் என்று ஆரம்பித்த இடம் அழுகிக் கிடக்கிறது. அட்லஸ் என்பவன் ரேடியோவில் வந்து உதவி கேட்கிறான். மரியாதையான ஆள். எதைச் சொன்னாலும் 'தயவுசெய்து' என்ற பொருளில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தே சொல்வான். நாமும் செய்துகொண்டே போவோம். கேம் என்றால் யாரோ ஒருவர் இலக்கைச் சொல்வார், நாம் போய்ச் செய்வோம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ரயானின் அறைக்குப் போனதும் அவர்தான் உடைத்துச் சொல்கிறார். அந்தச் சொற்றொடரைக் கேட்டால் மறுக்காமல் கீழ்ப்படியும்படி நாம் சின்ன வயதிலேயே பழக்கப்பட்டிருக்கிறோம். அட்லஸ் என்று ஒருவன் கிடையாது, அது ஃபான்டேன் என்ற மோசடிக்காரனின் வேஷம். ரயான் தன் கையாலேயே கோல்ஃப் மட்டையைக் கொடுத்து, அதே சொற்றொடரைச் சொல்லித் தன்னைக் கொல்லச் சொல்கிறார். அந்த இடத்தில் கன்ட்ரோலர் வேலை செய்வதில்லை. நம் கை அவரை அடிப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனவே வில்லன் ஃபான்டேன். மனசில் நிற்பவர் ரயான். ஃபான்டேனோடு வரும் கடைசிச் சண்டை சாதாரணமாக முடிந்துபோகிறது. அந்த அறையோடு கதை முடிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நாமே வில்லனாக மாறும் கேம் எது?

பல இருக்கின்றன. எனக்கு வார்கிராஃப்ட் 3 (2002). ஆர்த்தஸ் இளவரசன், நல்லவன், நாம்தான் அவனை நடத்துகிறோம். விஷமான தானியம் ஸ்ட்ராத்ஹோம் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, சாப்பிட்ட மக்கள் விரைவில் பிணப்படையாக எழுவார்கள். அதற்குள் எல்லோரையும் கொன்றுவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறான். குருவான ஊதர் விலகிவிடுகிறார், தோழி ஜெய்னாவும் போய்விடுகிறாள். நாம் போக முடியாது, ஏனென்றால் மவுஸ் நம் கையில். எதிரியான மால்கானிஸுக்கு முன்னால் நாம் நூறு பேரைக் கொல்ல வேண்டும்; திரையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். பின்தங்கிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் வீடு வீடாக இடித்துக்கொண்டு போவோம். அது போட்டியாகிவிட்டதை நான் கவனித்தது முடித்த பிறகுதான்.

அதற்குப் பிறகு அவன் செய்வது ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதல். படை ஊர் திரும்பாமல் இருக்கத் தன் கப்பல்களையே எரிக்கிறான், பழியைக் கூலிப்படை மேல் போடுகிறான், சபிக்கப்பட்ட வாளை எடுக்கிறான், கடைசியில் சொந்த அப்பாவையே கொல்கிறான். ஒவ்வொரு படியிலும் நாம் கூடவே இருந்தோம்.

வாஸ் ஏன் நினைவில் நிற்கிறான், அவன் பாதியிலேயே செத்துவிடுகிறானே?

2012-இல் வந்த ஃபார் கிரை 3-இன் வில்லன் அவன். வாஸாக நடித்த மைக்கேல் மாண்டோ குரல் மட்டும் கொடுக்கவில்லை, முகமும் உடலசைவும் அவருடையவை. நம் கண்ணுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, பைத்தியம் என்றால் என்ன என்று கேட்டு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு முடிவை எதிர்பார்ப்பதுதான் என்று அவனே பதில் சொல்வான். செத்து, சேவிலிருந்து மறுபடி ஆரம்பித்து, மறுபடி செத்துக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்கிறான்! அவன் போனதும் அவனுடைய முதலாளி ஹாய்ட் வருகிறான். கேம் அப்போதே கொஞ்சம் இறங்கிவிடுகிறது. ஒரு வில்லனின் எடை அவன் இல்லாதபோதுதான் தெரிந்தது.

அதே வருடம் வந்த பார்டர்லேண்ட்ஸ் 2-இன் ஹேண்ட்சம் ஜாக்கையும் சொல்ல வேண்டும். நேரில் வருவது கொஞ்சம், ரேடியோவில் வாய் ஓயாமல் நம்மைச் சீண்டுவதே வேலை. தான்தான் கதாநாயகன், நாம்தான் கொள்ளைக்காரர்கள் என்று உண்மையாகவே நம்புகிறவன். அவன் மகள் ஏஞ்சல் தன்னைக் கொன்றுவிடும்படி நம்மிடம் கேட்கும் இடத்தில், மிரட்டிக்கொண்டிருந்த குரல் கெஞ்ச ஆரம்பிக்கும். கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

கூடவே இருந்து குழி பறித்தவர்களில் யார் முதலிடம்?

ஜிடிஏ தொடரில் வரும் வைஸ் சிட்டியின் லான்ஸ் வான்ஸ், சான் ஆண்ட்ரியாஸின் பிக் ஸ்மோக் என்று பலர் சொல்வார்கள். எனக்கு 2018-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் நம் கொள்ளைக் கும்பலின் தலைவன் டச். அவன் ஒரே நாளில் துரோகி ஆவதில்லை. அவனுடைய முகாமில்தான் நாம் தூங்குகிறோம், சம்பாதித்ததை அவன் பெட்டியில் போடுகிறோம், இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் போதும் என்ற அவன் பேச்சை நம்புகிறோம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தப் பேச்சு மட்டும் அப்படியே இருக்கும், சுற்றியிருக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள்.

பேசவே பேசாத வில்லன்கள் எப்படி மனசில் நிற்கிறார்கள்?

விதியை மீறித்தான். பழைய ரெசிடென்ட் ஈவில் கேம்களில் கதவைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று பழகியிருந்தோம். 1999-இல் வந்த மூன்றாம் பாகத்தின் நெமெசிஸ் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தான். அன்றிலிருந்து கதவு வெறும் கதவுதான்.

2014-இன் ஏலியன்: ஐசொலேஷனில் வரும் ஜந்துவைக் கொல்ல முடியாது. அதன் அமைப்பு சுவாரஸ்யமானது. நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரிந்த ஒரு பகுதி பின்னால் இருக்கிறது. அது ஜந்துவுக்கு ஏறக்குறைய எந்தப் பக்கம் என்று மட்டும் சாடை காட்டும். மிச்சத்தை ஜந்து தன் கண்ணாலும் காதாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் அது மாயமாக வந்து நிற்பதுபோலவும் இல்லை, முட்டாள்தனமாகச் சுற்றுவதுபோலவும் இல்லை. அசைவைக் காட்டித் தரும் என்று நாம் நம்பிப் பிடித்திருக்கும் டிராக்கர் கருவியின் சத்தமே அதை அழைத்துவந்துவிடும்.

கதாசிரியர் எழுதாத வில்லன் உண்டா?

2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரில் உண்டு. உங்களைக் கொன்ற சாதாரண ஓர்க் (எதிரிப் படையின் அரக்க வீரன்) பதவி உயர்வு பெறுவான், பெயரும் பட்டமும் வரும். அடுத்த முறை பார்க்கும்போது போன முறை நடந்ததைச் சொல்லிக் காட்டுவான். தீயில் எரித்து விட்டுவிட்டு வந்தவன் தழும்போடு திரும்பி வருவான். உங்கள் பகையாளி என் கேமில் இருக்கமாட்டான். இந்த முறைக்கு 2021-இல் வார்னர் பிரதர்ஸ் காப்புரிமை பெற்றது. மற்றவர்கள் கையில் இது எப்படியெல்லாம் வளர்ந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சண்டை போடாமல் வில்லனை வெல்ல முடியுமா?

1997-இன் ஃபால்அவுட்டில் முடியும். மாஸ்டர் என்பவன் மனிதர்களை எல்லாம் மியூட்டன்ட்களாக, அதாவது உருமாறிய பிறவிகளாக, மாற்றிவிட்டால் பிரிவினையே இருக்காது, போரும் இருக்காது என்று நம்புகிறான். மியூட்டன்ட்களுக்குக் குழந்தை பிறக்காது என்ற ஆதாரத்தைத் தேடி எடுத்துப் போய் அவனிடம் காட்டலாம். அவன் அதைப் புரிந்துகொள்கிறான். தான் செய்ததெல்லாம் வீண் என்று உணர்ந்து, தன் இடத்தைத் தானே தகர்த்துவிடுகிறான். துப்பாக்கியால் சுட்டும் முடிக்கலாம்; ஆனால் பேசி முடித்தவருக்குத்தான் அவன் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்பது முழுதாகப் புரியும்.

அண்டர்டேலின் ஃப்ளவி வெறும் பூ தானே?

சிரித்த முகத்தோடு ஒரு மஞ்சள் பூ, ஆமாம். 2015-இல் டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கிய கேம். ஆரம்பத்தில் டோரியல் என்ற அன்பான அம்மாவைத் தெரியாமல் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குத் திரும்பி இந்த முறை காப்பாற்றினீர்கள் என்று வையுங்கள். ஃப்ளவிக்கு அது தெரியும். நீ அவளைக் கொன்றாய், பிறகு வருத்தப்பட்டுத் திரும்பி வந்தாய் என்று சொல்லிவிடும். சேவ் என்பது நமக்கும் கேமுக்கும் இடையே உள்ள ரகசியம் என்று நினைத்திருந்தோம் இல்லையா? பின்னால் ஓரிடத்தில் கேமையே மூடிவிட்டு, மறுபடி திறந்தால் நம் சேவ் இருந்த இடத்தில் தன் சேவை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

கடைசிச் சண்டை பிரமாண்டமாக இருந்தே ஆக வேண்டுமா?

இல்லை. 2011-இல் வந்த டார்க் சோல்ஸில் எத்தனையோ பயங்கர பாஸ்களைத் தாண்டி க்வின் என்ற பழைய அரசனிடம் போய்ச் சேர்கிறோம். கோரஸ் முழங்கும் என்று எதிர்பார்த்தால் ஒரு பியானோ மட்டும் மெதுவாக வாசிக்கிறது. எரிந்து எரிந்து ஓடாகிப்போன ஒரு கிழவன் வாளோடு ஓடிவருகிறான். தடுத்துத் திருப்பியடிக்கத் தெரிந்தவரிடம் சீக்கிரமே விழுந்துவிடுவான். அவன் காத்த நெருப்பு அங்கேயே இருக்கிறது. நாம் அதைத் தொட்டால் அவன் இடத்தில் நாம் எரிய ஆரம்பிப்போம்.

இதில் எதையும் விளையாடியதில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

போர்ட்டல். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும், சுடத் தெரிய வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அது பிடித்திருந்தால் 2011-இல் வந்த இரண்டாம் பாகம்; அதில் கிளாடோஸ் ஒரு உருளைக்கிழங்குக்குள் மாட்டிக்கொண்டு நம்மோடு பயணம் செய்கிறாள், அவள் யாராக இருந்தாள் என்பதும் தெரியவரும். அடுத்து அண்டர்டேல். சண்டைக்குக் கை பழகியபின் பயோஷாக். ஃபைனல் ஃபேன்டஸிகளுக்கு நாற்பது மணி நேரமாவது ஒதுக்க முடியும்போது போங்கள், அவசரப்பட்டால் ஏரித்தோடு பழக நேரமிருக்காது.

ஒன்று மட்டும். போர்ட்டல் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஜோனதன் கூல்ட்டன் எழுதிய ஒரு பாட்டு வரும், பாடுவது கிளாடோஸ்தான். தன்னை எரித்ததைப் பற்றி உங்களிடம் அவளுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.